பாடஞ்சொல்லும் நெறி: தமிழ்நாட்டு ஆசிரியப் பணியின் ஒரு வரலாறு

கற்பிக்கத் தொடங்கும் ஒருவர் எத்தகையவராக இருக்க வேண்டும், எவ்வாறு பாடஞ்சொல்ல வேண்டும், எவருக்குச் சொல்ல வேண்டும் என்னும் வினாக்களைத் தமிழ் மரபு தனியொரு நூற்றுறையாக வளர்க்கவில்லை. அவற்றை இலக்கண நூலின் வாயிலிலேயே நிறுத்தி, ஆசிரியரும் மாணாக்கரும் அவற்றைக் கடந்த பின்னரே நூலுக்குள் நுழைய வேண்டும் என்று விதித்தது. அந்த வாயிலுக்குப் பாயிரம் என்று பெயர். நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லுதல், மாணாக்கன், பாடங்கேட்டல் ஆகிய ஐந்தின் இயல்பையும் எல்லா நூல்களுக்கும் பொருந்துமாறு கூறுவது பொதுப்பாயிரம்; குறிப்பிட்ட ஒரு நூலை ஆக்கியவர் யார், அது எந்த நூலின் வழி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்கும் என்பனவற்றைக் கூறுவது சிறப்புப்பாயிரம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சமண முனிவர் பவணந்தி இயற்றிய நன்னூலில் பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாக்கள் உள்ளன. அவற்றுள் 55 பாயிரத்துக்கே உரியவை. ஏழு நூற்றாண்டுகளாகத் தமிழ் இலக்கணம் கற்ற ஏறத்தாழ ஒவ்வொருவரும் நன்னூல் வழியாகவே சென்றதால், ஆசிரியப் பணியைக் குறித்துத் தமிழர் மிகப் பரவலாக அறிந்திருந்த கொள்கை இந்த 55 நூற்பாக்களுக்குள்ளேயே அடங்கியிருந்தது எனலாம்.

நல்லாசிரியரை நன்னூல் நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கோடு ஒப்பிடுகிறது. தோண்டுவோரைப் பொறுத்துக்கொண்டு உழுவோரின் முயற்சிக்கேற்ற பயனைத் தருவது நிலம். அளந்தறிய இயலாத வளத்தோடு தொலைவிலிருந்தும் தெரிவது மலை. ஐயத்தை நீக்கி நடுவுநிலை காட்டுவது துலாக்கோல். எந்த நற்செயலுக்கும் வேண்டப்பட்டு, உரிய பொழுதில் முகம் மலர்வது பூ. இவை ஆசிரியரின் புலமையைக் காட்டிலும் அவரது மனநிலையையே பெரிதும் பேசுகின்றன. ஆசிரியராகத் தகாதவரைப் பற்றிய பகுதி இதைவிடக் கூர்மையானது. கழற்சிக்காய் இட்ட குடத்திலிருந்து காய்கள் போட்ட முறையில் வாராமல் முன்பின்னாக ஒருசேரக் கொட்டுவதுபோல, தாம் கற்ற ஒழுங்கை மறந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுபவர் ஒருவர். கருக்கு மட்டையால் ஏறுவோரைத் தடுத்துத் தானே உதிர்த்தால் மட்டும் பழம் தரும் பனையைப் போன்றவர் மற்றொருவர். சிறிது சிறிதாகத் திணித்த பஞ்சைச் சிறிது சிறிதாகவே வெளிவிடும் குடுவையைப் போன்றவர் மூன்றாமவர். நீர் வார்த்தவர் ஒருவராக இருக்க, வேலிக்கு அப்பால் வளைந்து பிறருக்குக் காய் தரும் கோணல் தென்னையைப் போன்றவர் நான்காமவர். அழுக்காறு, பேராசை, வஞ்சம் ஆகிய குற்றங்களோடு, கேட்போர் அஞ்சும்படி பேசுதலையும் நன்னூல் ஆசிரியருக்கு ஆகாத தன்மையாக எண்ணியிருப்பது மிகவும் கருதத்தக்கது. மாணாக்கரை அச்சுறுத்துபவருக்கு ஆசிரியத் தகுதியே இல்லை என்று இலக்கண நூல் ஒன்று வெளிப்படையாகச் சொன்ன நாட்டில்தான், பிரம்பு பிற்காலத்தில் கல்வியின் அடையாளமாகவே மாறிப்போயிற்று.

பாடஞ்சொல்லும் முறையைப் பற்றிய விதிகளும் அதே மனநிலையிலிருந்தே எழுகின்றன. காலமும் இடமும் பார்த்து அமர்ந்து, சொல்லவிருக்கும் பொருளை முதலில் தம் உள்ளத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு, விரையாமலும் சினவாமலும், விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், கேட்பவர் எந்த வகையில் ஏற்றுக்கொள்ளக் கூடியவர் என்பதை அறிந்து, அவருடைய உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நூலின் அளவோ ஆசிரியரின் திறனோ பாடத்தின் வேகத்தை வகுப்பதில்லை. கேட்பவரின் கொள்திறனே அதை வகுக்கிறது. மாணாக்கரின் பக்கத்தில் நின்று சொல்லப்படும் விதிகளுள் ஒன்று, பிற்கால வரலாற்றோடு வியப்பூட்டும் வகையில் தொடர்புடையது: ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்கு அறிவே கைவரும் என்றும், உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் மற்றொரு கால் பங்கு சேரும் என்றும், எஞ்சிய அரைப் பங்கு தாம் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போதே நிரம்பும் என்றும் நன்னூல் கணக்கிடுகிறது. கற்பித்தல் என்பது கற்றலின் இரண்டாம் பாதி என்னும் இக்கருத்தை உரையாசிரியர்கள் தலைமுறைதோறும் விளக்கி வந்தனர். மயிலைநாதர், பதினேழாம் நூற்றாண்டின் சங்கர நமச்சிவாயர், அவரது உரையைத் திருத்திய பதினெட்டாம் நூற்றாண்டின் சிவஞான முனிவர் ஆகியோரின் வரிசை அறுபடாமல் நீண்டது.

எனினும் இக்கொள்கையின் எல்லையையும் நேர்மையோடு குறிப்பிட்டாக வேண்டும். தம் மகன், தம் ஆசிரியரின் மகன், அரசனின் மகன், பொருளை மிகுதியாகக் கொடுப்பவன், வழிபட்டு நிற்பவன், சொன்னதை விரைந்து கொள்பவன் ஆகியோருக்குப் பாடஞ்சொல்லலாம் என்று கூறும் அதே பாயிரம், சோம்பேறி, சினமுடையோன், தூங்குபவன் ஆகியோரோடு அறிவு மந்தமானவனையும் நோயாளியையும் விலக்கிவைக்கிறது; ஆசிரியருக்கு வேண்டிய தகுதிகளுள் குலத்தையும் சேர்த்து எண்ணுகிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல்தர மாணாக்கருக்கு உவமையாகின்றன. ஓட்டைக் குடமும், கண்ட செடியிலெல்லாம் வாய்வைக்கும் ஆடும், குளத்தைக் கலக்கும் எருமையும், நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் பன்னாடையும் கடைத்தர மாணாக்கருக்கு உவமையாகின்றன. மாணாக்கரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றிருந்த புலவருக்கு வகுத்த நெறி இது. வந்த பிள்ளைகள் அனைவரையும் ஏற்றுக்கொண்டு, அவர்கள் கொடுக்கும் அரிசியிலும் காசிலும் குடும்பம் நடத்த வேண்டியிருந்த ஊர் வாத்தியாருக்கு அந்த உரிமை கிடையாது.

அந்த வாத்தியார் பணியாற்றிய இடம் திண்ணைப் பள்ளிக்கூடம். வீட்டின் முகப்பிலுள்ள மேடைத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரநிழலிலோ, தனியே போட்ட கூரைக் கொட்டகையிலோ நடந்த இப்பள்ளிகளுக்கு, முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டில் காணப்படும் 340 மாணவர் கொண்ட வேதக் கல்லூரிக்கு இருந்ததைப் போன்ற நிலக்கொடை பெரும்பாலும் இல்லை. உபாத்தியாயர் என்றும், தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அண்ணாவி என்றும் அழைக்கப்பட்ட ஆசிரியர் விடியற்காலையிலேயே பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுத்துகளை வரைந்து, வரையும்போதே அவற்றை உரக்கச் சொல்லிப் பழகினர். கை படிந்த பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் அவர்களிடம் தரப்பட்டன. அரிச்சுவடியை அடுத்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, சதகங்கள் என்று பாடம் வளர்ந்தது. சொற்பொருள் அறிவுக்காக நிகண்டு மனப்பாடம் செய்யப்பட்டது. அமாவாசை, பௌர்ணமி நாள்களையொட்டி வந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடிக்கொண்டு வீடுவீடாகச் சென்று திரட்டிய பணம் ஆசிரியரின் ஆண்டு வருமானத்தில் முக்கியமான பகுதியாக இருந்தது.

திண்ணைக் கல்வியின் முதுகெலும்பு எண்சுவடி. முழு எண்களின் பெருக்கல் வாய்பாட்டோடு அது நிற்கவில்லை. இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி ஆகிய பின்னங்களின் பெருக்கத்தையும், நெல்லளவு, பொன்னிறை, நிலப்பரப்பு ஆகியவற்றின் கணக்குகளையும் இசையோடு ஓதி நெஞ்சில் பதிக்குமாறு அது அமைந்திருந்தது. பொருள் விளங்காத மனப்பாடம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகள் இதனை இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சி முழு உண்மையன்று. களத்தில் குவித்த நெல்லை வாரம் பிரிக்கவும், மனைக்குழி அளக்கவும், வட்டி கூட்டவும் தாளும் மையும் இல்லாமல் கணக்கிட வேண்டியிருந்த சமூகத்தில், நினைவே கருவியாகவும் நினைவே சரிபார்ப்பாகவும் இருந்தது என்பதை எண்சுவடிகளை ஆராய்ந்த செந்தில்பாபு விரிவாகக் காட்டியுள்ளார். ஆயினும் இந்நினைவுப் பயிற்சியைப் பிள்ளைகளிடம் ஏற்றுவதற்குக் கையாண்ட வழிகள் பல இடங்களில் கொடியனவாக இருந்தன. குட்டும் பிரம்படியும் அன்றாட நிகழ்வுகள். கைகளைக் கயிற்றில் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் வழங்கியது. சினவாமல், முகம் மலர்ந்து கற்பிக்கச் சொன்ன பாயிரத்தை அறிந்திருந்த ஆசிரியர்களே இவ்வாறு தண்டித்ததற்கு, பெற்றோர் கண்டிப்பையே திறமையாகக் கருதியதும், ஆசிரியரின் பிழைப்பு பெற்றோரின் மனநிறைவையே நம்பியிருந்ததும் காரணங்களாகலாம்; காரணம் எதுவாயினும் அது அக்கல்வியின் மீது படிந்த பெருங்கறை.

திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்னும் பிரிவு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்த நாளும் கற்ற அளவும் வெவ்வேறாக இருந்தமையால், ஒருவன் மணலில் உயிரெழுத்து எழுதிக்கொண்டிருக்க, அருகிலிருப்பவன் நிகண்டு ஓதிக்கொண்டிருப்பான். ஒரே ஆசிரியர் இவர்கள் அனைவரையும் கவனிக்க வேண்டியிருந்த நெருக்கடியிலிருந்து வளர்ந்ததே சட்டாம்பிள்ளை முறை: மூத்த மாணவன் இளையவர்களுக்கு முறைசொல்லிக் கொடுப்பான், அதாவது, அவன் ஓர் அடியைச் சொல்ல மற்றவர்கள் பின்தொடர்ந்து சொல்வார்கள். ஆசிரியர் இல்லாத பொழுதில் பள்ளியை நடத்துவதும், இளையவர்களின் பாடத்தை ஒப்புவிக்கக் கேட்பதும் அவன் பொறுப்பு. இது செலவைக் குறைத்த ஏற்பாடு மட்டுமன்று. சென்னை மாகாணத்துப் பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த ஏ. டி. கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கையில், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிப்பதன் வழியாகத் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இம்முறை பாராட்டுக்குரியது என்றும், இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகுந்ததே என்றும் எழுதினார். நன்னூல் கூறிய அரைப் பங்கைப் பற்றி அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. திண்ணையில் கண்ணால் கண்டதை வைத்தே அதே முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தார்.

கேம்பெல் குறிப்பிட்ட அந்தப் பின்பற்றுதல் சென்னை எழும்பூரில் தொடங்கியது. ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக அங்கு நடந்த விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளராக, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1789-இல் பொறுப்பேற்றார். காலை உலாவின்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் பள்ளியின் கீழ்நிலைப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே எழுத்துக் கற்பிக்குமாறு பணித்தார். உதவி ஆசிரியர் இணங்காதபோது, சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயது மாணவனிடமே அப்பொறுப்பை ஒப்படைத்தார். மணலில் எழுதும் பழக்கத்தைத் திண்ணையிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்ட பெல், மாணவரைக்கொண்டு கற்பித்ததைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே கருதினார். ஆனால் மணலெழுத்தும் முறைசொல்லுதலும் திண்ணைப் பள்ளிகளில் இணைந்தே நடந்தவை. ஒன்றைக் கண்டவர் மற்றொன்றைக் காணாமலிருந்தார் என்று கொள்வது கடினம். 1796-இல் தாயகம் திரும்பிய பெல், அடுத்த ஆண்டு சென்னை விடுதியில் நடந்த கல்விச் சோதனையைப் பற்றிய தம் நூலை இலண்டனில் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் இலண்டனின் சதர்க் பகுதியில் இதையொத்த முறையில் பள்ளி நடத்தத் தொடங்க, இருவரின் ஆதரவாளர்களுக்கும் இடையில் சமயச் சார்புள்ள கடும் போட்டி மூண்டது. 1811-இல் ஆங்கிலத் திருச்சபையின் சார்பில் அமைந்த தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை நாடெங்கும் பரப்பியது. அது மெட்ராஸ் முறை என்றே வழங்கப்பட்டது. 1830-களில் பெல்லின் கொடையால் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரையே தாங்கியிருக்கிறது.

கடல் கடந்து சென்ற முறை அங்கே தன் இயல்பை இழந்தது. திண்ணையில் பதினைந்து இருபது பிள்ளைகளிடையே, அவரவர் வேகத்துக்கு ஏற்ப நடந்த உதவி, இங்கிலாந்தில் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை ஒரே ஆசிரியரின் கீழ் அடக்கும் ஏற்பாடாக மாறியது. வகுப்பு, தரவரிசை, இடம் பிடிக்கும் போட்டி, பதிவேடு, கட்டளைக்கு ஒருசேர இயங்குதல் ஆகியவை முதன்மை பெற்றன. தொழிற்சாலை நகரங்களின் ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு தருவதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. இளம் மாணவனுக்குப் பொறுப்பைக் கொடுத்தால் அவனும் வளர்கிறான் என்னும் உண்மை அங்கேயும் மறைந்துவிடவில்லை என்றாலும், கேட்பவரின் கொள்திறனை அறிதல் என்னும் மையம் அம்முறையிலிருந்து நழுவிற்று. ஒரு கல்விமுறையின் வெளித்தோற்றத்தைப் பெயர்த்துக் கொண்டுசெல்வது எளிது. அதை வாழவைத்த ஆசிரிய மாணவ உறவு அவ்வாறு பெயர்ந்து செல்வதில்லை.

இதற்கிடையில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்தின் கல்விநிலையைக் கணக்கெடுக்குமாறு 1822-இல் ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். திரண்ட அறிக்கைகளின் அடிப்படையில் 1826 மார்ச் 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். சராசரியாகப் பள்ளிக்குப் பதினைந்து பேர். வீட்டிலேயே கற்றவர்களையும் சேர்த்தால் ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதேனும் கல்வி பெற்றனர் என்று மன்றோ மதிப்பிட்டார். 1983-இல் தரம்பால் இவ்வறிக்கைகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னர், காலனி ஆட்சிக்கு முன்னர் இந்நாட்டில் கல்வியே இல்லை என்ற கூற்று நிலைக்க முடியாததாயிற்று. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத சாதியினரே பெரும்பான்மையினர் என்பதும் வெளிப்பட்டது. ஆயினும் அதே அறிக்கைகளில் பெண்பிள்ளைகள் மிகச் சிலராகவே தென்படுகின்றனர்; ஊர்த் திண்ணை தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. பழைய கல்வியைப் போற்றி எழுதுவோர் இவ்விரு குறைகளையும் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஊர்த் திண்ணை ஏற்காத பிள்ளைகளைத் தேடிச் சென்ற முயற்சிகளுள் ஒன்றாக, கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளி அமைந்தது.

மன்றோவின் குறிப்பில் புதிய ஆசிரியரைப் பற்றிய கவலை அழுத்தமாக இருக்கிறது. மாணவர் மாதந்தோறும் தரும் நான்கணா முதல் எட்டணா வரையிலான தொகையைக்கொண்டு ஓர் ஆசிரியர் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்ட முடியவில்லை என்றும், தகுதியுடையோர் இத்தொழிலுக்கு வர இவ்வருமானம் போதாது என்றும் அவர் கண்டறிந்தார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றையும், மாவட்டந்தோறும் தலைமைப் பள்ளிகளையும், தாசில் அளவில் சிறு பள்ளிகளையும் நிறுவி, ஆசிரியர்களுக்கு முறையே பதினைந்து ரூபாயும் ஒன்பது ரூபாயும் மாதச் சம்பளம் தர வேண்டும் என்பது அவரது திட்டம். மறு ஆண்டே அவர் காலராவுக்கு இரையானார். குறைந்த சம்பளத்திலும் சரியான மேற்பார்வை இல்லாமலும் நலிந்த தாசில் பள்ளிகள் 1836-இல் கைவிடப்பட்டன.

1854-ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கைக்குப் பிறகே ஆசிரியப் பயிற்சி அரசின் நிலையான கடமையாயிற்று. 1856-இல் வேப்பேரியில் தொடங்கிய அரசுப் பயிற்சிப் பள்ளி, பின்னர் சைதாப்பேட்டைக்கு மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. கரும்பலகை, வகுப்புக்கொரு பாடநூல், மணிக்கணக்கில் பிரித்த கால அட்டவணை, முன்கூட்டியே எழுதிய பாடக்குறிப்பு ஆகியவை புதிய ஆசிரியரின் கருவிகளாயின. இவற்றுள் பல நன்மைகள் இருந்தன. குறிப்பாக, பாடத்தைச் சிந்தித்து ஒழுங்குபடுத்திக்கொண்டு வகுப்பில் நுழைய வேண்டும் என்னும் பழைய விதி எழுத்து வடிவில் கட்டாயமாயிற்று. கேடு வேறொரு வழியில் வந்தது. 1860-களின் பிற்பகுதியிலிருந்து திண்ணைப் பள்ளிகள் உள்ளிட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்னும் முறை பரவியது. அதன்படி ஆய்வாளர் வரும் நாளில் ஒவ்வொரு மாணவரும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறினால் அதற்கென வரையறுத்த தொகை ஆசிரியருக்குக் கிடைக்கும். தேறாத மாணவரால் எதுவும் கிடைக்காது. மந்தமான பிள்ளை இப்போது ஆசிரியரின் வருமானத்தில் விழும் ஓட்டையாகத் தெரிந்தான். ஆய்வாளரின் ஒருநாள் வருகையை நோக்கியே ஆண்டு முழுவதும் கற்பிக்க வேண்டிய நெருக்கடி, ஆசிரியரின் தீர்ப்புக்கு இடமே வைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டாலும், தேர்வு நாளை மனத்தில் வைத்துப் பாடம் நடத்தும் பழக்கம் அதனோடு அகலவில்லை. பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சி இக்காலத்தில் மெல்ல வேரூன்றியது. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவையான சகோதரி சுப்புலட்சுமி, விதவைப் பெண்களை ஆசிரியைகளாக்கும் பணியைத் தம் வாழ்நாள் கடமையாக்கிக்கொண்டதும், 1922-இல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பேற்றதும் தனி நூலாக விரியத்தக்கவை.

பழைய நெறியையும் புதிய வகுப்பறையையும் ஒருசேர அறிந்து, இரண்டையும் இணைக்க முயன்றவர்களுள் முதலில் எண்ணப்பட வேண்டியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் நடத்திய வெஸ்லியன் மிஷன் பள்ளியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றி, பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற அவர், 1848-இல் சம்பளப் பணியைத் துறந்து வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1864-இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளியை நிறுவினார். மிஷன் பள்ளியின் வகுப்பு முறையையும் அச்சிட்ட பாடநூலையும் சைவக் கல்விக்குத் தயக்கமின்றிப் பயன்படுத்திய அவர், பிள்ளைகளின் வளர்ச்சிக்கேற்பப் படிப்படியாகக் கடினமாகும் பாலபாடங்களை எழுதினார். நன்னூலுக்குக் காண்டிகையுரை இயற்றியவரும் அவரே. கேட்பவரின் கொள்திறன் அறிந்து கற்பித்தல் என்னும் விதிக்கு உரையெழுதியவர், அவ்விதியைப் பாடநூலின் வடிவத்திலேயே செயற்படுத்திக் காட்டினார் என்று கொள்வதில் தவறில்லை. தமிழ் உரைநடையின் தெளிவுக்கு அவர் காட்டிய அக்கறை இங்கிருந்தே பிறந்தது.

நாவலர் வகுப்பறையின் கருவிகளைக் கைக்கொண்டவர் எனில், திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவற்றின் துணையின்றியே பாடஞ்சொல்லும் மரபின் நிறைவாகத் திகழ்ந்தார். திருவாவடுதுறை ஆதீனத்துப் புலவராக விளங்கிய அவர், பொருள் கொடுக்க இயலாத மாணாக்கருக்குத் தாமே உணவளித்துக் கற்பித்தார். சவரிராயலு நாயக்கர், நாகூர் குலாம் காதிறு நாவலர் எனச் சமயம் பாராமல் பாடங்கேட்க வந்தோரை ஏற்றுக்கொண்டார். அவரிடம் 1871 முதல் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதியிருப்பதால், ஒரு பெரும்புலவரின் கற்பிக்கும் முறை தமிழில் இவ்வளவு விரிவாகப் பதிவாகியுள்ளது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, அவருடைய பரிந்துரையின் பேரில் சாமிநாதையர் அக்கல்லூரியின் தமிழாசிரியரானார். பயிற்சிப் பள்ளியின் சான்றிதழோ பல்கலைக்கழகப் பட்டமோ இல்லாத அந்தப் புதிய ஆசிரியர், ஆங்கிலக் கல்வியின் செல்வாக்கால் தமிழ்ப்பாடத்தைச் சிறிதாக எண்ணிய மாணவர்களின் முன், செய்யுள்களை இசையோடு படித்துக் காட்டியும், பொருளைச் சொல்சொல்லாக விளக்கியும் அவர்களின் கவனத்தை ஈர்த்தார். 1903 வரை கும்பகோணத்திலும் பின்னர் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் அவர் ஆற்றிய பணியில், அளவு குறித்த பாடத்திட்டத்துக்குள்ளும் ஆசிரியரின் முகமலர்ச்சிக்கு இடமுண்டு என்பது மெய்ப்பட்டது.

திண்ணைப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒவ்வொன்றாக மறைந்தன. சில மானியம் பெற்ற தொடக்கப் பள்ளிகளாக உருமாறின. சட்டாம்பிள்ளையின் இடத்துக்கு வகுப்புத் தலைவன் வந்தான். அவனுக்குப் பாடஞ்சொல்லும் உரிமை கிடையாது, ஆசிரியர் இல்லாத வேளையில் பேசுவோரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதும் அதிகாரம் மட்டும் எஞ்சியது. மாணவர் மாணவருக்குக் கற்பிக்கலாம் என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மீண்டும் முறையான இடம் பெற, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டைகளையும் கற்றல் ஏணியையும் தழுவிய அம்முறையில், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, அவரவர் எட்டிய படியிலிருந்து தொடர்ந்தனர். ஆசிரியரின் முழுத் துணையோடு கற்கும் குழு, சக மாணவரின் துணையோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்று குழுக்கள் பிரிந்தன. பணியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் உட்கார வேண்டியிருந்தது. முப்பது நாற்பது பிள்ளைகளுள் எவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை அன்றாடம் அறிந்து, அடைவு அட்டவணையில் குறித்து வைக்க வேண்டியிருந்தது.